இந்நகரத்தின் பந்தியில் உங்களுக்கும் ஓர் இடம்



ஊரிலிருந்து உங்கள் சித்தப்பா மும்பைக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நாள் ரயிலில் வந்த களைப்புத் தீரக் குளித்துவிட்டு, "இந்த ஊரில் என்னப்பா சாப்பாடு விசேஷம்?" என்று கேட்கிறார். அவரை எங்கே அழைத்துச் செல்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் தாராவியிலோ செம்பூரிலோ உள்ள நம்மூர் மெஸ்ஸுக்குத்தான் அழைத்துச் செல்வோம். திருநெல்வேலியில் புறப்படுவதற்கு முந்தின இரவு எந்தப் பரோட்டாவையும் சால்னாவையும் சாப்பிட்டாரோ, அதையே அவர் மும்பையிலும் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று கை கழுவுவார்.

நம்மூர்ச் சாப்பாட்டில் குறையொன்றுமில்லை. ஆனால் இந்நகரில் இருபது, முப்பது வருடங்கள் வாழ்ந்து, பிள்ளைகளை இங்கேயே பெற்று வளர்த்து, மராட்டியும் இந்தியும் சரளமாகப் பேசுகிற குடும்பங்கள்கூட, இந்நகரத்து மக்கள் அமர்ந்து உண்ணும் மேசைகளில் ஒருமுறையேனும் அமர்ந்ததில்லை என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பணமில்லாமையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. "அங்கே என்ன கறி போடுவார்களோ", "என்ன பெயர் சொல்லிக் கேட்பது", "நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்களோ" என்ற கூச்சமே பெரிய காரணம். இந்நகரின் பேர்பெற்ற உணவகங்களில் பலவற்றைத் தொடங்கியவர்கள், நம்மைப்போலவே மூட்டை முடிச்சுகளுடன் பிழைக்க வந்தவர்கள் என்பதை அறிந்தால் இந்தக் கூச்சம் பாதி நீங்கிவிடும். மீதி, இரண்டாம் முறை செல்லும்போது நீங்கும்.

டில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் இருக்கும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அந்நகரங்களிலும் சொல்வதற்கு நிறைய உண்டு. எனக்கு நடந்து பழகிய ஊர் மும்பை என்பதால் இக்கட்டுரை மும்பையோடு நிற்கிறது.

ஒரு கைக்குள் அடங்கும் ஆகாரம்

வடாபாவ் தின்னாத தமிழ்ப் பிள்ளை மும்பையில் இல்லை. ஆனால் கையிலிருக்கும் அந்தச் சிறு பொட்டலத்தில் எத்தனை தேசங்கள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. "பாவ்" என்பது ரொட்டிக்குரிய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. மராட்டியில் உருளைக்கிழங்கைக் குறிக்கும் "படாட்டா" என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றதே. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. கடலைமாவு மட்டுமே இத்தேசத்தின் பழைய சரக்கு. ரொட்டி சுடும் தொழிலைக் கோவாவிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் இந்நகருக்குக் கொண்டுவந்தனர். அக்காலத்தில் மாவு பொங்குவதற்குத் தென்னங்கள்ளைச் சேர்த்தனர். நம் பாட்டிமார் ஆப்ப மாவுக்குச் செய்த அதே வழிதான்.

வடையைப் பாவுக்குள் வைத்து விற்கும் வழக்கத்தை, 1966 ஆம் ஆண்டில் தாதர் ரயில் நிலையத்திற்கு வெளியே கடை வைத்திருந்த அசோக் வைத்யா என்பவர் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அந்த இடத்தைக் கவனியுங்கள். பரேல், லால்பாக் பகுதிகளின் பஞ்சாலைகளுக்குச் செல்வோரும் திரும்புவோரும் தாதரில் இறங்கி ஏறுவர். அவர்களுக்கு உட்கார நேரமில்லை. தட்டு கழுவத் தண்ணீர் இல்லை. ஒரு கையில் பிடித்து, மறு கையால் ரயில் கம்பியைப் பற்றிக்கொண்டு உண்ணத்தக்க ஆகாரம் தேவைப்பட்டது. வடாபாவ் அந்தத் தேவைக்குப் பிறந்த பிள்ளை. ஆகையால் தட்டில் வைத்துக் கரண்டியால் வெட்டித் தின்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நின்றுகொண்டு, காய்ந்த பூண்டுச் சட்னி விரலில் ஒட்ட, உப்பில் பொரித்த பச்சை மிளகாயை நடுநடுவே கடித்துத் தின்பதே அதன் முறை.

அதே 1966 ஜூன் மாதத்தில்தான் சிவசேனை தொடங்கப்பட்டது. தென்னிந்தியர் மராட்டியரின் வேலைகளைப் பறிக்கின்றனர் என்பதே அந்நாளில் அதன் முதல் முழக்கம். அறுபதுகளின் பிற்பகுதியில் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. வடாபாவ் வண்டியோ, மராட்டிய வாலிபர்களுக்கேற்ற தொழிலென்று ஊக்குவிக்கப்பட்டது. இட்லிக்கும் வடாபாவுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கப்பட்ட காலம் அது. அந்நாட்களைக் கண்ட முதியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். மெஸ்ஸைத் தவிர வேறெங்கும் நுழையாத நம் பழக்கத்திற்கு வேர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

மாதுங்கா: அண்டை வீடு, அந்நிய வீடு

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதுங்காவிலுள்ள கஃபே மெட்ராஸின் வாசலைப் பாருங்கள். 1940 இல் தொடங்கப்பட்ட இந்த உடுப்பிக் கடையின் முன்னால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பவர்களில் மராட்டியர், குஜராத்தியர், மார்வாடியர் எல்லாரும் இருப்பர். அன்று கல்லெறிந்த நகரம் இன்று ரசவடைக்காக வரிசையில் நிற்கிறது. இந்த மாற்றத்தை எந்தத் தலைவரின் பேச்சும் செய்யவில்லை. எண்பது வருடங்களாக அடுப்பருகே நின்ற சமையற்காரர்களே செய்தனர்.

தாதர், மாதுங்கா பகுதிகள் திட்டமிட்ட குடியிருப்புகளாக வளர்ந்த காலத்தில், அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாக வேலை செய்ய வந்த தமிழரும் பாலக்காட்டாரும் இங்கே குடியேறினர். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது; 1932 இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவாயிற்று. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்குச் சாப்பாடு வேண்டியிருந்தது, உடுப்பிக்காரர்கள் வந்தனர். மாதுங்கா ரயில் நிலையத்தருகே உள்ள ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942 முதல் இலைச்சாப்பாடு போடுகிறது. "போர்டிங்" என்ற பெயர், மாதக் கணக்கில் பணம் கட்டி உண்ட அக்காலத்து எழுத்தர்களை நினைப்பூட்டுகிறது. ராம் ஆஷ்ரயா 1939 ஐச் சேர்ந்தது. அங்கே உப்புமாவும் காப்பியும் மட்டும் போதும். மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே உள்ள தூரம், நடந்து கடக்கக்கூடிய தூரமே. ஆனால் தாராவியில் பிறந்து வளர்ந்த எத்தனை தமிழர் மாதுங்காவின் இலையில் உட்கார்ந்திருக்கின்றனர்? தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும், அலுவலக வேலைக்கு வந்த எழுத்தர்களின் பிள்ளைகளும் ஒரே மொழி பேசினர். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே ரயில் நிலையத்தைச் சுற்றி வாழ்ந்தனர். ஆனால் ஒருவர் வீட்டு வாசனையை மற்றவர் அறியவில்லை. இதற்குப் பெயர் சாதி என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஓட்டல் மேசையில் இன்று எவரும் ஊரும் தெருவும் கேட்பதில்லை. காசைக் கொடுத்தால் இலை விழுகிறது. நம் பிள்ளைகள் அந்த மேசையில் உரிமையோடு அமர்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று உரக்கக் கேட்டுப் பழக வேண்டும்.

(போகுமுன் ஒரு குறிப்பு: மத்திய ரயில்வேயின் மாதுங்கா வேறு, மேற்கு ரயில்வேயின் மாதுங்கா ரோடு வேறு. ராம நாயக் முன்னதற்கு அருகில் இருக்கிறது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை.)

கல்மேசையும் வளைந்த நாற்காலியும்

இரானிக் கடை என்றதும் நம்மவரில் பலர் முஸ்லிம் கடை என்று எண்ணிக்கொள்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் சரதுஷ்டிர மதத்தினர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து குடியேறியவர்களைப் பார்சிகள் என்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து வறுமையாலும் துன்பத்தாலும் வந்தவர்களை இரானிகள் என்கிறோம். தெருமுனைக் கடைகள் ராசியற்றவை என்று இங்குள்ள வியாபாரிகள் ஒதுக்கினர் என்றும், இரானிகள் அவற்றையே குறைந்த வாடகைக்குப் பிடித்தனர் என்றும் சொல்வர். இரு தெருக்களிலிருந்தும் ஆள் நுழையக்கூடிய இடத்தைவிட ராசியான இடம் தேநீர்க் கடைக்கு ஏது!

உள்ளே நுழைந்தால் உயரமான கூரை, பளிங்குக்கல் பதித்த மேசை, வளைத்துச் செய்த மர நாற்காலி, சுவரெங்கும் கண்ணாடி, கண்ணாடிச் சாடிகளில் பிஸ்கட். வேறொருவர் அமர்ந்திருக்கும் மேசையில் உங்களை உட்காரச் சொல்வார்கள். தயங்க வேண்டாம், அதுவே அங்குள்ள வழக்கம். ஒரு தேநீரை வைத்துக்கொண்டு அரைநாள் செய்தித்தாள் படித்தவர்களை இந்தக் கடைகள் துரத்தியதில்லை. வேலை தேடி வந்தவனுக்கு உட்கார ஓர் இடம் என்பது, ஊரில் சொந்த வீட்டுத் திண்ணையை விட்டு வந்தவனுக்குத்தான் அருமை தெரியும்.

என்ன கேட்பது? மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தருவது புருன் மஸ்கா. பல் வலுவில்லாதவர்களுக்கு பன் மஸ்கா. இரண்டையுமே தேநீரில் தோய்த்துத் தின்னலாம். எவரும் நாகரிகமற்றவர் என்று எண்ணமாட்டார். வயிறு நிறைய வேண்டுமானால் கீமா பாவ். கொத்துக்கறிக் குழம்பும் ரொட்டியும் என்று அதைச் சொல்லலாம். முட்டைப் பொரியலைப்போலத் தோன்றி, அதைவிடக் குழைவாக இருப்பது அக்கூரி. பிள்ளைகளுக்கு மாவா கேக். பால்கோவா சேர்த்துச் செய்வதால் நம் நாவுக்கு அது உடனே உறவாகிவிடும். மெரின் லைன்ஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 1904 இல் தொடங்கப்பட்ட கயானி கடையில் இவற்றை உண்ணலாம். தேநீர் இனிப்பு மிகுந்தது; சர்க்கரை நோயுள்ளவர்கள் பகிர்ந்து குடிப்பது நலம்.

பாலார்டு எஸ்டேட்டிலுள்ள பிரிட்டானியா 1923 இல் தொடங்கப்பட்டது. அதன் பெர்ரி புலாவில் தூவப்படும் புளிப்பான சிவந்த சிறு பழம் இரானிலிருந்து வருகிறது. அதன் முதிய உரிமையாளர் பொமன் கோஹினூர் மேசை மேசையாக வந்து விருந்தினரோடு பேசுவார். 2019 இல் தமது 97 ஆம் வயதில் காலமானார். இங்கே விலை சற்று அதிகம். ஒரு புலாவ் வாங்கி இருவர் உண்ணலாம். பகல் உணவு நேரத்தில் செல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து குடும்பத்தோடு போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நூற்றுக்கணக்கில் இருந்த இரானிக் கடைகள் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் சென்றனர். தெருமுனை நிலத்தின் விலை வானளவு ஏறிற்று. ராசியற்றது என்று ஒதுக்கப்பட்ட முனையே விலைமதிப்பற்றதாகி அவர்களை வெளியேற்றியது. இப்போது ரொட்டிக்கும் ஒரு சோதனை வந்திருக்கிறது. இந்நகரின் பாவ் ரொட்டியில் பெரும்பங்கு விறகடுப்பில் சுடப்பட்டு வந்தது. காற்று மாசுபடுவதை முன்னிட்டு, விறகையும் கரியையும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதங்களுக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டுமென்று 2025 சனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் பணித்தது. மூச்சுத் திணறும் குழந்தைகளை வைத்திருக்கும் நாம் அதைக் குறைகூற முடியாது. ஆயினும் சிறு பேக்கரிக்காரர் புதிய அடுப்புக்குப் பணத்திற்கு எங்கே போவார் என்ற கேள்வி, அவரை மட்டுமல்ல, நான்கு பாவை வாங்கி ஒரு வேளை பசியாற்றும் கூலித் தொழிலாளியையும் தொடுகிறது.

சமைத்தவளின் கணக்கு

பஞ்சாலைப் பகுதியில் மராட்டியரே ஏராளமாக இருந்தார்களே, அவர்களும் புலம்பெயர்ந்தவர்களா என்று கேட்பீர்கள். ஆம். ரத்னகிரி போன்ற கொங்கணக் கடற்கரைக் கிராமங்களில் மனைவி மக்களை விட்டுவிட்டு, ஓர் அறையில் பலராக, முறைவைத்து உறங்கிய ஆண்கள் அவர்கள். நம் பெரியவர்கள் தாராவியில் வாழ்ந்த வாழ்க்கையை அப்படியே கண்முன் கொண்டுவருகிறதல்லவா? அவர்களுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்ட வீட்டுச் சாப்பாட்டு நிலையங்களுக்குக் கானாவள் என்று பெயர். சமைத்தவர்கள் அந்தத் தொழிலாளரின் குடும்பப் பெண்களே. மளிகையைக் கடனுக்கு வாங்கி, வட்டி கட்டி, இருபது பேருக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் நின்ற பெண்கள். 1975 இல் பிரேமா புராவ் என்ற அம்மையார் இவர்களை ஒன்றுதிரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலத்தை ஏற்படுத்தி, வங்கிக் கடனுக்கு வழிசெய்தார்.

பிறகு 1982 சனவரி 18 ஆம் தேதி ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியேறினர். பெரும்பாலோருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை. உண்பவனுக்குச் சம்பளம் இல்லையென்றால் சமைப்பவளுக்கும் இல்லை. வேலையிழந்தோரில் சிலர் வடாபாவ் வண்டி தள்ளினர். இன்று அந்த ஆலைகள் நின்ற இடங்களில் அடுக்குமாடிகளும் குளிரூட்டப்பட்ட அங்காடிகளும் நிற்கின்றன. அங்குள்ள உணவகங்களில் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாடும் நம் இளம் குடும்பங்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

கானாவள் உணவை இன்றும் தாதரிலும் கிர்காவிலும் உண்ணலாம். சோள ரொட்டியான பாக்ரி, கடலைமாவைத் தாளித்துக் கிளறிய பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. இந்தக் கூட்டணியின் வறண்ட வடிவமான ஜுணக்கா பாக்ரியை 1995 இல் மாநில அரசு ஒரு ரூபாய்க்கு விற்றது. 2020 சனவரி 26 இல் பத்து ரூபாய் சாப்பாடாகச் சிவபோஜன் திட்டம் வந்தது. ஏழையின் வயிறு இந்நகரில் எப்போதும் அரசியலாகவே இருந்து வருகிறது. மீன் பிரியர்கள் மால்வணிக் கடைகளைத் தேடுங்கள். அங்கே சுர்மாயி என்பது நம் வஞ்சிரம், பாங்டா என்பது நம் அயிலை. தேங்காய்ப்பாலில் கோக்கம் பிழிந்த இளஞ்சிவப்பான சோல்கடியைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம், அப்படியே குடிக்கவும் செய்யலாம். தூத்துக்குடிக்காரர் எவரும் அந்த மேசையில் தம்மை அந்நியராக உணரமாட்டார்.

பெயரில் ஒன்று, தட்டில் ஒன்று

நம் மக்கள் மிகுதியாக வாழும் சயான் கோலிவாடாவுக்குப் புகழ் தேடித்தந்த பண்டம் ஒன்று உண்டு. இந்தியாவெங்கும் உணவகப் பட்டியல்களில் "பிரான் கோலிவாடா" என்று காண்பீர்கள். கோலிகள் என்போர் இத்தீவுகளின் ஆதி மீனவர். ஆகவே இது அவர்களது சமையல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கடலைமாவும் ஓமமும் மிளகாயும் பூசிப் பொரிக்கும் அந்த முறை, 1947 பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து அங்கே குடியமர்த்தப்பட்ட பஞ்சாபியருடையது. கடலே இல்லாத தேசத்திலிருந்து வீடிழந்து வந்தவர்கள், கடற்கரை இறாலைத் தங்கள் மாவில் தோய்த்து, தாங்கள் வந்திறங்கிய இடத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டனர்.

இதைப்போலவே "மஞ்சூரியன்" என்றொரு பதார்த்தம் மஞ்சூரியாவில் கிடையாது. 1975 இல் மும்பையின் கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்த, கல்கத்தாவில் பிறந்த சீன வம்சத்தவரான நெல்சன் வாங் என்பவர் அதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கலப்புகளையெல்லாம் நான் மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் சிவப்புச் சாந்தும் அடைத்துத் தெருவோரம் விற்கும் "செஸ்வான் தோசை" என்பதைத் தோசை என்று அழைக்க என் நா எழவில்லை. அதைப் பிள்ளைகள் விரும்பினால் தின்னட்டும். வேறு பெயர் வைத்துவிட்டுத் தின்னட்டும்.

பிரியமானவர்களே, நம்மில் பலர் கால் வைக்கத் தயங்கும் இன்னொரு தெரு உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் இந்நகரம் பற்றியெரிந்தபோது தாராவியில் இருந்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது. முகமது அலி சாலைப் பக்கம் போக வேண்டாம் என்று அன்று பெற்றோர் சொன்ன சொல், முப்பது வருடங்கள் கழித்தும் பல வீடுகளில் சட்டமாக நிற்கிறது. ரமலான் மாதத்தில், வேலைநாள் ஒன்றில், நோன்பு திறந்தபின் மினாரா மசூதித் தெருவுக்குச் செல்லுங்கள். இந்து, கிறிஸ்தவர், பார்சி என்று எல்லாக் குடும்பங்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நெரிசலில் நகர்வதைக் காண்பீர்கள். அகன்ற சட்டியில் பொரியும் மால்புவா, மண் கிண்ணத்தில் குளிர்ந்த பிர்னி. பெண்டி பசாரில் 1923 முதல் இருக்கும் நூர் முகமதியில் நல்லி நிஹாரி உண்டு. எலும்பின் மஜ்ஜை கரையும்வரை இரவெல்லாம் மெல்லிய தீயில் வெந்த கறி அது. நம் ஆட்டுக்கால் பாயாவின் தூரத்து அண்ணன். எந்தக் கறியென்று பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமொன்றுமில்லை. அவர்களும் முகம் சுளிப்பதில்லை.

அப்பகுதியில் வாழும் போஹ்ராக்களின் பந்தியைக் கடைகளில் காண்பது அரிது. ஒரே பெரிய தாலத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தரையில் அமர்ந்து, முதலில் ஒரு சிட்டிகை உப்பைச் சுவைத்துத் தொடங்குவர். உடன் வேலை செய்பவர் எவராவது உங்களை வீட்டுக்கு அழைத்தால் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள்.

செலவும் தயக்கமும்

"ஒருவர் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிடுகிறோம், இதில் ஊர்சுற்றிச் சாப்பிடுவதா?" என்று கேட்கும் சகோதரிகளின் நியாயத்தை மறுக்கமாட்டேன். ஆனால் மாதத்தில் எத்தனை முறை கைப்பேசியில் தொட்டு உணவை வரவழைக்கிறோம் என்று கணக்கெழுதிப் பாருங்கள். கொண்டுவரும் கட்டணமும் பெட்டியின் விலையும் சேர்த்துக் கொடுத்து, சமைத்தவர் முகத்தையோ, பக்கத்து மேசைக்காரரையோ பார்க்காமல், தொலைக்காட்சியின் முன்னால் ஆறிப்போன உணவை உண்கிறோம். அதில் இரண்டை நிறுத்தினால், ஒரு சனிக்கிழமை மாலை நால்வரும் ரயிலேறி இரானிக் கடையில் வயிறார உண்டு திரும்பலாம். நான்கு பேருக்கு இரண்டு தட்டு போதும். மழைக்காலத்தில் தெருவோரப் பச்சைச் சட்னியையும் நறுக்கிவைத்த பழங்களையும் தவிர்த்து, எண்ணெயிலிருந்தோ அடுப்பிலிருந்தோ உங்கள் கண்முன் இறக்கியதை உண்ணுங்கள். கேட்பதற்குச் சொல் தெரியாவிட்டால் அடுத்த மேசையைக் கைகாட்டுங்கள். நான் பார்த்தவரையில் அந்த மேசைக்காரரே எழுந்து வந்து விளக்கம் சொல்வார்.

இதுவரை நாம் பிறருடைய பந்தியில் அமர்வதையே பேசினோம். இந்நகரமும் தினந்தோறும் நம் பந்தியில் அமர்கிறது. காலையில் தெருக்களில் ரப்பர்க் குழலை அமுக்கி ஒலியெழுப்பியபடி, மிதிவண்டியில் அலுமினியப் பாத்திரத்தோடு வரும் "இட்லி அண்ணா"வுக்காக மராட்டிய, குஜராத்தி வீடுகளில் பாத்திரத்தோடு காத்திருக்கின்றனர். அந்த இட்லிகளில் ஏராளமானவை தாராவியின் சந்துகளில், நம்மவர் வீடுகளில், நள்ளிரவு தாண்டிய வேளையில் ஆவியில் வெந்தவை. முந்தின பகலில் மாவரைத்து, சட்னிக்குத் தேங்காய் துருவி, இரண்டு மூன்று மணி நேரமே உறங்கி எழும் பெண்களும் ஆண்களும் அதன் பின்னால் இருக்கின்றனர். வேறு நகர்ப்பகுதிகளில் வளரும் நம் பிள்ளைகள், ஏன், தாராவியிலேயே அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளும்கூட, அதைப் பார்த்ததில்லை. ஒருநாள் அதிகாலையில் அவர்களை எழுப்பி அழைத்துச் செல்லுங்கள். சந்து முழுவதும் ஆவி நிறைந்திருக்கும். தட்டிலிருந்து அப்போது எடுத்த இட்லியை இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். விடிந்தபின் சென்றால் பயனில்லை. மிதிவண்டிகள் புறப்பட்டுப் போயிருக்கும்.